வரியா, சந்தையா, தடையா, வழக்கா: உமிழ்வைக் குறைக்க எதை முதலில் எடுப்பது?

2025 ஏப்ரல் 1. கனடாவில் அதுவரை ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் கார்பன் கட்டணமாக 17.6 சென்ட் சேர்ந்துகொண்டிருந்தது. அன்று அது பூஜ்யமானது. 2018இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அது. செல்லுமா செல்லாதா என்று மாகாணங்கள் வழக்காடி, 2021இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று முடித்துவைத்தது. பொருளாதார அறிஞர்களும் மெச்சினார்கள். தேர்தல் நெருங்கியதும், கொண்டுவந்த கட்சியே அதைத் தூக்கிப் போட்டது. 2008 முதல் தனியாக கார்பன் வரி வசூலித்துவந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் அதே நாளில் நுகர்வோர் வரியைக் கைவிட்டது.

ஸ்வீடன் 1991இல் கார்பன் வரி போட்டது. எத்தனையோ ஆட்சிகள் மாறிவிட்டன. விகிதம் பல மடங்கு ஏறிவிட்டது. வரி இன்னும் இருக்கிறது.

கருவி ஒன்றுதான், கதி வேறு. அதனாலேயே "சிறந்த காலநிலைக் கொள்கை எது" என்று தொடங்கும் ஒப்பீடுகளில் எனக்குப் பாதியிலேயே ஆர்வம் போய்விடும். திறன், செலவு, நியாயம் என்று கட்டம் போட்டு டிக் அடிப்பார்கள். டிக் வாங்கிய கருவி அடுத்த தேர்தலுக்குப் பிறகும் உயிரோடு இருக்குமா என்பதற்குக் கட்டமே இருக்காது. நான் இரண்டு கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறேன். கணக்கை எடுப்பது யார், அவருக்குக் கூலி கொடுப்பது யார்? நாளைக்கு இதைக் கலைக்க நினைப்பவருக்கு அது எவ்வளவு சுலபம்?

ஓர் அரசு, புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைக்க முடிவெடுத்துவிட்டது, எந்தச் சட்டத்திலிருந்து தொடங்குவது என்பதுதான் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் தகவமைத்துக்கொள்வது வேறு கணக்கு, அதை இங்கே இழுக்கவில்லை.

வரி: எண்ணுவது சுலபம், தாங்குவது கடினம்

முதலில் கார்பன் வரி போட்ட நாடு பின்லாந்து, 1990இல். இந்த வரியின் பெரிய பலத்தைப் பலர் கவனிப்பதில்லை: புகைபோக்கியில் ஏறி எதையும் அளக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வரும். யார் எரித்தாலும், எந்த வண்டியில் எரித்தாலும் அவ்வளவுதான். எனவே துறைமுகத்திலோ சுத்திகரிப்பு ஆலையிலோ சுரங்க வாசலிலோ நின்று எண்ணினால் போதும். எரிபொருளுக்கு ஏற்கெனவே வரி வாங்கும் அதே அதிகாரி, அதே ரசீது. கண்காணிப்பு பலவீனமான அரசுக்கு இதைவிட வசதியான கருவி இல்லை.

ஆனால் சுமை கண்ணுக்குத் தெரியும். பிரான்ஸில் டன்னுக்கு 44.60 யூரோவாக இருந்த வரியை 2019 தொடக்கத்தில் 55 யூரோவாக ஏற்றுவதாகத் திட்டம். 2018 நவம்பரில் மஞ்சள் சட்டைக்காரர்கள் என்று பெயர் பெற்ற போராட்டக்காரர்கள் சாலைச் சந்திப்புகளை மறித்து உட்கார்ந்தார்கள். கார் இல்லாமல் வேலைக்குப் போக வழியில்லாத சிற்றூர்க்காரர்கள் அவர்களில் ஏராளம். வசூலான பணத்தில் பெரும்பகுதி பொதுக் கணக்கில் கலந்துபோனது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உயர்வு கைவிடப்பட்டது, விகிதம் 44.60இலேயே உறைந்துபோனது.

சரி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்? கனடா அதைத்தான் செய்தது. வசூலில் சுமார் 90 சதவீதத்தைக் குடும்பங்களுக்கே திருப்பித் தந்தது. முதலில் அதை ஆண்டு வருமான வரிக் கணக்குக்குள் ஒரு கழிவாக ஒளித்துவைத்தார்கள். 2022 நடுவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் போட்டார்கள். வங்கி அறிக்கையில் அது என்ன பெயரில் வந்தது தெரியுமா? வங்கிக்கு வங்கி வேறு வேறு. சிலவற்றில் அரசிடமிருந்து வந்த ஏதோ ஒரு வரவு என்ற அளவில்தான் இருந்தது. 2024இல் திட்டத்துக்குப் புதுப் பெயர் வைத்து, அந்தப் பெயரையே அச்சிடும்படி வங்கிகளை வற்புறுத்தும் நிலைக்கு அரசு போனது. அதற்குள் ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. போகும் காசு பங்க்கில் வாரா வாரம் கண்ணில் படுகிறது. வரும் காசு யார் கொடுத்தது என்றே தெரியாமல் வருகிறது. இதில் எந்தப் பக்கம் கோபம் சேரும் என்று சொல்லப் பொருளாதார மேதை தேவையில்லை.

ஸ்வீடனில் ஏன் நின்றது? வருமான வரியைக் குறைத்த பெரிய வரிச் சீர்திருத்தத்தின் ஓர் அங்கமாக அது உள்ளே வந்தது. ஆலைகளுக்குத் தொடக்கத்தில் குறைந்த விகிதம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்று தயாராக இருந்தது: ஊருக்கே குழாய் வழி வெந்நீர் தந்து வீடுகளைச் சூடாக்கும் அமைப்பு அங்கே முன்பே இருந்ததால், எண்ணெய் எரித்த வீடுகள் அதற்கு மாற முடிந்தது. போக வேறு வழி இருப்பவனுக்குத்தான் வரி ஒரு செய்தி. வழி இல்லாதவனுக்கு அது அபராதம்.

சந்தை: மீட்டர் இருந்தால் மட்டும்

மொத்த உமிழ்வுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அந்த அளவுக்கு மட்டும் உரிமச் சீட்டுகள் அச்சடித்து, அவற்றை ஆலைகள் தமக்குள் வாங்கி விற்கவிடுவது இன்னொரு வழி. அமெரிக்கா 1990இல் திருத்திய தூய காற்றுச் சட்டம் இதை அமில மழைக்குக் காரணமான கந்தக டைஆக்சைடுக்குப் பயன்படுத்தியது. வர்த்தகம் 1995இல் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் உமிழ்வு இறங்கியது. சந்தையின் மாயம் என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்தச் சட்டப்படி மின்நிலையப் புகைபோக்கிகளில் இடைவிடாமல் அளக்கும் கருவி கட்டாயம். மணிக்கு மணி கணக்கு அரசுக்குப் போனது.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கரியமில வாயுவுக்கு இதையே தொடங்கியபோது பழைய உமிழ்வு எவ்வளவு என்று சரிபார்த்த கணக்கு கையில் இல்லை. ஆலைகள் சொன்னதை நம்பிச் சீட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். 2006 வசந்தத்தில் முதல் சரிபார்த்த கணக்கு வெளிவந்தது. உமிழ்வைவிடச் சீட்டுகள் அதிகம்! சில நாட்களில் விலை பாதியானது. 2007 இறுதியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பிறகு பொருளாதார மந்தம் வந்து உபரியைப் பெருக்கியது. 2013இல் டன் விலை 5 யூரோவுக்கும் கீழே கிடந்தது. உபரிச் சீட்டுகளை உறிஞ்சும் இருப்பு ஏற்பாடு 2019இல் வரப்போகிறது என்று உறுதியான பிறகே நிமிர்ந்தது. 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தாண்டியது. அந்த ஆண்டு, சந்தைக்குள் வரும் மின்நிலையங்களும் ஆலைகளும் வெளியிட்டது 2005ஐவிட ஏறக்குறைய 47 சதவீதம் குறைவு. வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காக வேலை செய்ய அதற்கு ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன. அவ்வளவு பொறுமையும் அவ்வளவு எழுத்தர்களும் எத்தனை அரசுகளிடம் இருக்கும்?

சீனா 2021இல் மின்துறையில் தொடங்கிய தேசியச் சந்தை உலகிலேயே பெரியது. ஆனால் அது மொத்த அளவுக்கு வரம்பு வைக்காமல் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறது. 2022இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகமே, சில ஆலோசனை நிறுவனங்கள் நிலக்கரிப் பரிசோதனை விவரங்களைப் போலியாகத் தயாரித்ததாக வெளிப்படையாக அறிவித்தது. கணக்கில் ஓட்டை விழுந்தால் சீட்டு வெறும் காகிதம்.

கணக்கு எப்படி ஓட்டையாகிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க குஜராத்துக்குப் போக வேண்டும். தணிக்கையாளர் புகைபோக்கியின் பக்கவாட்டு ஏணியில் ஏறுவார். அங்கே ஒரு துளை. அதற்குள் குழாயை நுழைத்துப் புகையை உறிஞ்சி ஒரு சின்ன வடிகட்டி வழியே இழுப்பார். முன்னும் பின்னும் வடிகட்டியை எடைபோட்டால் துகள் எவ்வளவு என்று தெரியும். அனுமதித்த அளவு கனமீட்டருக்கு 150 மில்லிகிராம். ஆராய்ச்சியாளர்கள் 473 ஆலைகளை எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் நடத்திய சோதனையில் தெரிந்தது இது: வழக்கமான முறையில் வந்த அறிக்கைகள் 150க்குச் சற்றே கீழே ஈக்கள் மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தன. வேறு ஆட்களை அனுப்பி மறுபடி அளந்தால் உண்மை அளவு எங்கெங்கோ சிதறிக் கிடந்தது. காரணம் ரகசியமில்லை. தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதும் கூலி கொடுப்பதும் ஆலை முதலாளி.

சோதனையின் மறுபாதி ஆலைகளில் மாற்றியது தணிக்கை முறையை மட்டும்தான். எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பது குலுக்கலில். கூலி ஒரு பொது நிதியிலிருந்து, நிலையான தொகை. அவ்வப்போது மறு அளவீடு. அறிக்கைகள் உண்மை பேசத் தொடங்கின. அதைவிட முக்கியம், அந்த ஆலைகள் மாசையும் குறைத்துக்கொண்டன. புதுச் சட்டம் இல்லை, புது அபராதம் இல்லை. பிறகு 2019இல் சூரத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட ஆலைகளை வைத்து, தொடர் அளவீட்டுக் கருவிகளோடு, துகள் மாசுக்கான வர்த்தகத்தைத் தொடங்கினார்கள். சேர்ந்த ஆலைகளில் துகள் உமிழ்வு 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது. வளரும் நாட்டில் சந்தை எடுபடாது என்று சொல்கிறவர்களுக்கு இது பதில். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மீட்டர், பிறகு சந்தை.

தடை: பழைய, அழகில்லாத, நம்பகமான வழி

பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தடை என்றால் முகம் சுளிக்கும். எனக்கு அதன் மீது மரியாதை உண்டு. 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஓசோன் படலத்தை அரிக்கும் பொருட்களில் சுமார் 99 சதவீதத்தை ஒழித்தது. உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. தயாரிப்பவர்கள் சிலரே, மாற்றுப் பொருள் பக்கத்திலேயே இருந்தது, தடையைக் காவல் காப்பது எளிது. ஈயம் கலந்த பெட்ரோல் 2021இல் அல்ஜீரியாவோடு முடிவுக்கு வந்ததும் இதே கதை. நுகர்வோர் கோடிப் பேர் இருந்தாலும் சுத்திகரிப்பு ஆலைகளின் வாசல்கள் கொஞ்சம்தான்.

ஏமாற்று இங்கேயும் நடக்கும். தடைசெய்த குளிரூட்டி வேதிப்பொருள் ஒன்றின் உமிழ்வு எதிர்பார்த்தபடி குறையாமல் கூடுவதை 2018இல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். அடுத்த ஆண்டு கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள அளவீட்டு நிலையங்கள் அதில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று சுட்டின. பிறகு உமிழ்வு சட்டென்று இறங்கியது. அளந்தது எந்த நாட்டின் அறிக்கையையும் அல்ல, காற்றையே. தப்பிக்க இடமில்லை. இதற்கு நேர் எதிர் 2015இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் விவகாரம்: பரிசோதனைக் கூடத்தில் ஒரு முகம், சாலையில் ஒரு முகம் காட்டும் மென்பொருளோடு சுமார் 1.1 கோடி கார்கள். அது நைட்ரஜன் ஆக்சைடு சமாச்சாரம், காலநிலை அல்ல. ஆனாலும் அளவீடு எங்கே நடக்கிறது என்று உற்பத்தியாளருக்கு முன்கூட்டியே தெரிந்தால் எந்தத் தரக்கட்டுப்பாட்டுக்கும் அந்தக் கதிதான்.

தடையின் இன்னொரு பலவீனம், அதை எழுதும் அலுவலகத்துக்கு அந்த அதிகாரம் உண்டா என்பது. அமெரிக்க மின்நிலையங்களுக்கான 2015ஆம் ஆண்டு உமிழ்வுக் குறைப்புத் திட்டத்தை 2016இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அத்தகைய திட்டம் போடும் அதிகாரமே சுற்றுச்சூழல் முகமைக்கு இல்லை என்று 2022இல் தீர்ப்பு வந்தது. வேடிக்கை என்னவென்றால், 2030க்குள் எட்ட நினைத்த குறைப்பை, அமலுக்கே வராத அந்தத் திட்டம் இல்லாமல், மலிவான எரிவாயுவும் காற்றாலையும் 2019க்குள்ளேயே எட்டிவிட்டன. சட்டத்துக்கு நாம் கொடுக்கும் பெருமையில் கொஞ்சம் விலைவாசிக்கும் சேரும்.

மானியம்

எல்லோருக்கும் பிடித்த கருவி. யாரும் சாலை மறிப்பதில்லை. ஜெர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டம், சூரிய மின்சாரம் தருபவருக்கு 20 ஆண்டுகளுக்கு ஒரே விலை என்று உறுதி கொடுத்தது. செலவை மின் கட்டணத்தில் ஏற்றி ஜெர்மானியர்கள் சுமந்தார்கள். அந்தத் தேவையில் தகடுகள் மலிந்தன. பலன் உலகத்துக்கே போனது. புதிதாக வருபவர்களுக்கு விலையைக் குறைத்தபோதும் பழைய உறுதியில் கைவைக்கவில்லை. ஸ்பெயின் கைவைத்தது. முதலீட்டாளர்கள் டஜன் கணக்கில் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள்.

அமெரிக்காவின் 2022 சட்டம் தூய ஆற்றலுக்கு வரிச் சலுகைகளாக அள்ளிக் கொடுத்தது. ஆலைகள் எதிர்க்கட்சித் தொகுதிகளிலேயே அதிகம் முளைக்கும், அந்த உறுப்பினர்களே நாளை காவலுக்கு நிற்பார்கள் என்பது கணக்கு. ஆலைகள் அங்கேதான் அதிகம் முளைத்தன. காவலுக்கு யாரும் நிற்கவில்லை. 2025 ஜூலையில் வந்த சட்டம் பெரும்பகுதியை வெட்டியது. மின்சாரக் காருக்கான சலுகை செப்டம்பர் 30உடன் முடிந்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தம் நிற்கும், ஆண்டுதோறும் கிடைக்கும் சலுகை நிற்காது என்பதே எனக்குக் கிடைக்கும் பாடம்.

வழக்கு: கதவைத் தட்டும், வீடு கட்டாது

2019 டிசம்பரில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், 1990 அளவிலிருந்து குறைந்தது 25 சதவீதத்தை 2020 முடிவதற்குள் குறைத்தாக வேண்டும் என்று தன் அரசுக்கே உத்தரவிட்டது. 2021இல் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், 2030க்குப் பிறகு என்ன செய்வோம் என்று சொல்லாத சட்டம் இளைஞர்களின் சுதந்திரத்தை அடகு வைக்கிறது என்றது. சில மாதங்களிலேயே இலக்கு இறுகியது. 2045க்குள் நிகர பூஜ்யம் என்று சட்டம் மாறியது. லாகூர் உயர் நீதிமன்றத்தில் 2015இல் ஒரு விவசாயி போட்ட வழக்கு எனக்கு இவற்றைவிடப் பிடிக்கும். அவர் புது இலக்கு எதுவும் கேட்கவில்லை. 2012இலேயே கொள்கை வகுத்தீர்களே, அதை ஏன் நடைமுறைப்படுத்தவில்லை என்றுதான் கேட்டார். நீதிமன்றம் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்லி, கண்காணிக்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது.

ஆனால் நுணுக்கமான இழுபறி வந்தால் நீதிமன்றம் திணறும். இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல், மின்கம்பிகளில் மோதிச் சாகும் கானமயிலைக் காக்க ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்க உத்தரவிட்டது. அதே நிலத்தில்தான் நாட்டின் பெரிய சூரிய மின் பூங்காக்கள். 2024இல் பறவையையும் வெயிலையும் எதிரெதிரே நிறுத்தும் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசியல் சாசனத்தின் 14, 21 பிரிவுகளில் அடங்கியது என்று அந்தத் தீர்ப்பே சொன்னது. கம்பி எந்த வழியில் போகும் என்பதை மட்டும் நீதிபதிகளால் சொல்ல முடியவில்லை. ஷெல் நிறுவனம் உமிழ்வை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற ஹேக் நகரத் தீர்ப்பும் 2024இல் மேல்முறையீட்டில் போய்விட்டது.

வழக்குக்குப் பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானத்தைத் தருவது இலக்குச் சட்டம். பிரிட்டனின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் வரவு செலவு (அதாவது அந்தக் காலத்துக்கான மொத்த உமிழ்வு வரம்பு), அரசைச் சாராத ஒரு குழு, நாடாளுமன்றத்தில் ஆண்டறிக்கை என்று கட்டாயமாக்கியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 2022இலும் 2024இலும் உயர் நீதிமன்றம் அரசின் திட்டம் போதாது என்று திருப்பி அனுப்பியது. அந்தச் சட்டத்தை ரத்து செய்வோம் என்று 2025இல் கன்சர்வேடிவ் கட்சி அறிவித்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக வாக்கெடுக்க வேண்டும். கட்டண விகிதத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்குவதுபோல் முடியாது.

பிரிட்டனின் நிலக்கரிக் கதை ஒன்று போதும், இந்தக் கருவிகள் எப்படிக் கைகோர்க்கும் என்று காட்ட. 2012இல் அதன் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையம் மூடியது. மின் உற்பத்தியாளர்கள் மீது 2013இல் வந்த கார்பன் குறைந்தபட்ச விலை, பழைய நிலையங்களை நெருக்கிய ஐரோப்பிய மாசு விதிகள், கடல் காற்றாலைகளுக்கு நீண்டகால விலை ஒப்பந்தம், மேலே இலக்குச் சட்டம். வரி இருந்தது, ஆனால் எந்த ஓட்டுநரும் பங்க்கில் அதைப் பார்க்கவில்லை.

என் தேர்வு இந்த வரிசை. முதலில் தணிக்கையாளரின் கூலி ஆலையிடமிருந்து வராமல் செய்யும் விதி. இதற்குப் பெரிய சட்டம்கூட வேண்டாம். கூடவே இலக்குச் சட்டம், சுயேச்சையான குழுவோடு. தயாரிப்பவர்கள் கொஞ்சமாக இருக்கும் பொருட்களுக்கு, அதாவது குளிரூட்டி வாயு, மோட்டார், மின்விளக்கு, வாகனம் போன்றவற்றுக்கு, தடையும் தரமும். மாற்று இல்லாத இடத்தில் மாற்றை உண்டாக்க ஒப்பந்த வடிவிலான மானியம், முடிவுத் தேதியோடு. பெரிய புகைபோக்கிகளில் மீட்டர் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய பிறகு சந்தை. வீட்டுக்காரர் கையில் விழும் எரிபொருள் வரி கடைசியில், பேருந்தோ ரயிலோ அவர் வாசலுக்கு வந்த பிறகு.

எஃகு, சிமெண்ட், அலுமினியம், உரம் ஆகியவற்றை ஐரோப்பாவுக்கு விற்கும் நாடு என்றால் சந்தையை முன்னால் நகர்த்துவேன். இறக்குமதிப் பொருளைத் தயாரித்தபோது வந்த உமிழ்வுக்கு விலை வைக்கும் எல்லைக் கார்பன் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து அங்கே படிப்படியாக அமலுக்கு வருகிறது. உள்நாட்டில் ஏற்கெனவே கட்டிய கார்பன் விலையை அதில் கழித்துக்கொள்ளலாம். எப்படியும் கட்டப்போகிற பணம். அது எந்தக் கஜானாவுக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி. எல்லா எரிபொருளும் ஒரே துறைமுகம் வழியாக இறங்கும் சின்னத் தீவு நாடு என்றால் என் வரிசையையே தலைகீழாக்கி வரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு நிபந்தனை: திரும்பி வரும் பணம் வங்கி அறிக்கையில் என்ன பெயரில் அச்சாகும் என்பதை, வரி விகிதத்தை முடிவுசெய்யும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.